பழங்கருவி போற்றல் அறமா?

பழையது என்னும் ஒரே காரணத்தால் ஒரு பொருள் போற்றத்தக்கதாகிவிடுமா? கோயிலில் உள்ள செப்புத் திருமேனியை எவரும் போற்றுவர். பனையோலைச் சுவடி செல்லரித்திருப்பினும் அதனைக் கண்ணில் ஒற்றிக்கொள்வர். மன்னர் காலத்துக் காசு ஒன்று கிடைத்தால் பட்டுத் துணியில் பொதிந்து வைப்பர். ஆனால், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்து விற்கப்பட்ட சமையலறைப் பெட்டி ஒன்றை ஒருவர் தேடிப்பிடித்து வாங்கி, துடைத்து, பழுது நீக்கி, அதிலேயே நாள்தோறும் பாலைச் சூடாக்கிக் குடிக்கிறார் என்றால், கேட்பவர் முகத்தில் முறுவல் அரும்புகிறது. அம்முறுவல் முறையானதுதானா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அப்பெட்டி, மக்கள் வழக்கில் மைக்ரோவேவ் எனப்படும் நுண்ணலை அடுப்பு. அமெரிக்க நாட்டில் 1960களிலும் 1970களிலும் வெளிவந்த இத்தகைய அடுப்புகளைத் திரட்டிவைப்போர் உளர். முதியவர் ஒருவர் மறைந்தபின் அவர்தம் உடைமைகளை அவ்வீட்டிலேயே பரப்பி விற்கும் வழக்கம் அந்நாட்டில் உண்டு. அவ்விற்பனைகளிலும் பழம்பொருட் கடைகளிலும் இவர்கள் அடுப்புகளைக் கண்டெடுக்கின்றனர். அமானா, லிட்டன், டாப்பன் என்னும் பெயர்களை, இலக்கிய மாணவர் புலவர்தம் பெயர்களைச் சொல்வதுபோல் வரிசையாகச் சொல்கின்றனர். அந்நாளில் அடுப்போடு கொடுக்கப்பட்ட சமையற் குறிப்பு நூலும் சேர்ந்து கிடைத்துவிட்டால் மகிழ்ச்சி இருமடங்காகும். அந்நூலின் ஓரத்தில் முகமறியா இல்லத்தரசி ஒருவர் ‘இரண்டு நிமிடமே போதும்’ என்று பென்சிலால் எழுதியிருந்தால் மும்மடங்காகும்.

முறுவலுக்குக் காரணம் இல்லாமலில்லை. நுண்ணலை அடுப்பு பொறுமையின்மையின் அடையாளமாகவே பலராலும் கருதப்படுகிறது. நெருப்பில் நெடுநேரம் வேக வேண்டியதைச் சில நிமிடங்களில் முடித்துத் தருவதே அதன் பிறவிப்பயன். அத்தகைய கருவியின் கதவைச் சீர்செய்ய ஒருவர் மூன்று திங்கள் செலவிடுகிறார் என்பது நகைப்புக்கு இடமளிக்கத்தான் செய்யும். அன்றியும், செப்புத் திருமேனி ஒவ்வொன்றும் சிற்பி ஒருவனின் கைத்திறத்தைத் தாங்கி நிற்கிறது. தொழிற்சாலைப் பொருளோ ஒன்றைப்போல் மற்றொன்று. ஒன்று போனால் இன்னொன்று. அதில் தனித்தன்மை ஏது, மனித மணம் ஏது என்று வினவுவோர் உண்டு. இவ்வாறு வினவுவோர் அப்பொருளின் பிறப்பை அறியார்.

நுண்ணலை அடுப்பின் உயிர்நிலை மேக்னட்ரான் என்னும் குழல். இரண்டாம் உலகப்போர் மூண்டிருந்த 1940ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டல், ஹாரி பூட் என்னும் அறிவியலார் இருவர், குறுகிய அலைகளைப் பேராற்றலுடன் எழுப்பவல்ல புதுவகை மேக்னட்ரானை உருவாக்கினர். அவ்வாண்டு செப்டம்பரில் டிசார்டு தூதுக்குழுவினர் அதனைக் கடல்கடந்து அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். இருளிலும் மேகத்திலும் மறைந்துவரும் பகைவர் வானூர்தியைக் காட்டிக்கொடுக்கும் ராடாருக்கு அதுவே உயிராயிற்று.

ரேதியான் என்னும் அமெரிக்க நிறுவனத்தில் அக்குழலைப் பெருந்தொகையாகச் செய்வதற்கு வழிவகுத்தவர் பெர்சி ஸ்பென்சர். 1894இல் மெய்ன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். கைக்குழந்தையாய் இருந்தபோதே தந்தையை இழந்து உறவினர் வீட்டில் வளர்ந்தவர். பன்னிரண்டு வயதில் ஆலை வேலைக்குச் சென்றவர். 1912இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது கம்பியில்லாத் தந்தியாளர் ஆற்றிய பணியைக் கேள்வியுற்று, அக்கலையைக் கற்கும் வேட்கையால் கடற்படையில் சேர்ந்தார். நூல்களைத் தேடிப் பெற்று, இரவுக் காவலின்போது தாமே படித்துத் தேறினார். அவர்தம் அறிவுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் உரிமை கொண்டாட இயலாது என்பதை ஆசிரியர்கள் சற்றே அடக்கத்துடன் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1945இல் ஒருநாள், இயங்கிக்கொண்டிருந்த மேக்னட்ரானின் அருகே அவர் நின்றபோது சட்டைப்பையில் இருந்த இனிப்புக் கட்டி உருகியது. வேறொருவராயின் சட்டை பாழாயிற்றே என்று சலித்துக்கொண்டிருப்பார். ஸ்பென்சர் சோள மணிகளைக் கொணரச் செய்து குழலின் முன் வைத்தார். அவை பொரிந்து சிதறின. முட்டையை வைத்தார், அது வெடித்தது. அவ்வாண்டு அக்டோபரில் காப்புரிமைக்கு விண்ணப்பம் செய்தார். 1950இல் அது வழங்கப்பெற்றது.

போர்க்களத்துக்கெனச் செய்த குழல், குழந்தைக்குக் கஞ்சி சூடாக்கும் குழலாயிற்று. இதில் மனித மணம் இல்லை என்று எவரால் கூற இயலும்? எனினும் ஒன்றைக் கருத வேண்டும். இவ்வரலாறு, பழைய அடுப்பு ஒன்றை அருங்காட்சியகத்தில் வைத்துக் காக்க வேண்டும் என்பதற்கு மட்டுமே சான்றாகிறது. அதனைச் சமையலறையில் வைத்து நாளும் பயன்கொள்ள வேண்டும் என்பதற்கு இது போதாது. அதற்கு வேறு நியாயம் வேண்டும்.

சேகரிப்போர் பெரும்பாலும் எடுத்துரைக்கும் நியாயம், ‘அக்காலத்துப் பொருள் உழைக்கும், இக்காலத்துப் பொருள் உடையும்’ என்பது. அதற்கு அவர்கள் காட்டும் சான்றுகளும் உண்மையானவையே. பழைய அடுப்பின் மேலுறை திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கும். அதனைக் கழற்றினால் உள்ளே மின்னிணைப்பு வரைபடம் ஒட்டப்பட்டிருப்பதைப் பலவற்றில் காணலாம். பழுது பார்க்க வருபவன் ஒருவன் என்றேனும் வருவான், அவனுக்கு இது தேவைப்படும் என்று எண்ணியே ஒட்டியிருக்கிறார்கள். நேரத்தைக் குறிக்கும் குமிழ் கையால் திருகப்படுவது. நேரம் முடிந்ததும் மணி ஒலிக்கும். அக்குமிழ் பழுதுபட்டால் அதனை மட்டும் மாற்றினால் போதும். இக்காலத்து அடுப்பிலோ, தொட்டால் இயங்கும் பலகை பழுதுபட்டால் அதனை மாற்றும் செலவு புதிய அடுப்பின் விலையை நெருங்கிவிடுகிறது. அடுப்பின் உயிர்நிலை நன்றாயிருக்க, அதன் முகம் கெட்டதற்காக முழு உடலும் குப்பைக்குச் செல்கிறது.

இந்நியாயம் வலிமையுடையதே; ஆயினும் இருவகையில் இதனைச் சலித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, இன்று எஞ்சியிருப்பவை அந்நாளைய அடுப்புகளுள் உறுதி வாய்ந்தவை மட்டுமே. ஓராண்டில் கெட்டவையும் ஈராண்டில் துருப்பிடித்தவையும் என்றோ மண்ணுக்குள் போயின. நூறு வயது வாழ்ந்த பாட்டனைக் காட்டி, அக்காலத்தார் அனைவரும் நூறாண்டு வாழ்ந்தனர் என்று சொல்வது போன்றதே இது. இரண்டாவது விலை. 1947இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஏறத்தாழ ஓர் ஆள் உயரமும் 340 கிலோகிராம் எடையும் கொண்டு, குழாய் நீரால் குளிர்விக்கப்பட்டது. உணவகங்களுக்கும் கப்பல்களுக்கும் அன்றி வேறெவருக்கும் அது பயன்படவில்லை. 1955இல் டாப்பன் நிறுவனம் வீட்டுக்கென வெளியிட்ட அடுப்பின் விலை 1,295 டாலர். 1967இல் அமானா நிறுவனம் வெளியிட்ட, மேசைமேல் வைக்கத்தக்க சிறிய அடுப்புக்கு 495 டாலர். அது இன்றைய மதிப்பில் நாலாயிரம் டாலருக்கும் மேற்பட்டது. அத்தொகையை இன்று கொடுப்பார் இருந்தால், பேரன் காலம்வரை உழைக்கும் அடுப்பை இன்றும் செய்து தருவர். மலிவை விரும்பி வாங்கிவிட்டு உறுதி இல்லையே என்று வருந்துவதில், செய்தவன் மட்டும் குற்றவாளி அல்லன்.

ஆதலின், பழைய அடுப்பு சிறந்தது என்பதனாலே அதனைப் பயன்கொள்ள வேண்டும் என்னும் வாதம் முழுமையாக நிற்கவில்லை. எஞ்சி நிற்பது எளிமையான ஒரு நியாயம்: அது இன்னும் வேலை செய்கிறது. வேலை செய்யும் ஒன்றை, புதியது வந்துவிட்டது என்பதற்காக மட்டும் வீசியெறிவது, அதனைச் செய்த கைகளையும் அதற்கென மண்ணிலிருந்து அகழ்ந்தெடுத்த செம்பையும் இரும்பையும் இகழ்வதாகும். ஆயுத பூசையன்று தச்சன் தன் உளிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு ஒருநாள் ஓய்வு தருகிறான். ஓய்வு முடிந்ததும் அதே உளியைக் கையில் எடுக்கிறான். அதனைக் கண்ணாடிப் பேழையில் பூட்டிவைப்பதில்லை.

இந்நோக்கில், இருபது அடுப்புகளை வாங்கி அடுக்கிவைத்து, அவற்றுள் ஒன்றிலேனும் ஒரு கோப்பை நீரைச் சூடாக்காதவரைப் பற்றி என்ன சொல்வது? அவர் பொருளைக் காப்பவர் போலத் தோன்றுகிறார். உண்மையில் அவர் காப்பது தம் உடைமையின் எண்ணிக்கையை. ஒரே ஓர் அடுப்பை வைத்துக்கொண்டு, அதன் நிலையை அறிந்து பயன்கொள்பவரே அக்கருவியோடு உறவுடையவர். நிலையை அறிவதற்கு அரிய கருவிகள் தேவையில்லை. ஒரு லிட்டர் நீரை உள்ளே வைத்துச் சரியாக ஒரு நிமிடம் சூடாக்கி, முன்னும் பின்னும் வெப்பத்தை அளந்தால் போதும். உயர்ந்த ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 70 வாட் எனக் கணக்கிட்டால் அடுப்பின் ஆற்றல் கிடைத்துவிடும். பத்துப் பாகை உயர்ந்தால் 700 வாட். தொடக்கப்பள்ளி மாணவனும் செய்யத்தக்க கணக்கு இது. வகுப்பிலே செய்துகாட்டினால் பெருக்கல் வாய்பாட்டின்மேல் அவனுக்குப் புதிய மதிப்பு உண்டாகவும் கூடும்.

ஆனால் பயன்கொள்ளலில் ஓர் இடர்ப்பாடு மறைந்திருக்கிறது. மேக்னட்ரானின் நடுவே உள்ள இழை, சூடேறி மின்னணுக்களை உமிழ்வது. இயங்க இயங்க அதன் உமிழும் திறன் குன்றும், ஒருநாள் அற்றுப்போகும். சூடாக்கும் ஒவ்வொரு கோப்பையும் அதன் ஆயுளிலிருந்து ஒரு துளியைக் குடிக்கிறது. பயன்கொள்ளாது வைத்தால் அடுப்பு நெடுநாள் இருக்கும், ஆனால் அடுப்பாக இராது. பயன்கொண்டால் அடுப்பாக இருக்கும், ஆனால் நெடுநாள் இராது. இவ்விரண்டுள் எது போற்றுதல்?

பழுதுபட்ட குழலுக்கு மாற்றுக் குழல் வேண்டுமாயின், பழைய அடுப்பு வேறொன்றிலிருந்துதான் பெரும்பாலும் எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரே வகை அடுப்புகள் இரண்டு ஒருவரிடம் உள்ளன என்று கொள்ளலாம். ஒன்றன் மேக்னட்ரான் நன்றாயிருக்கிறது, கதவு கெட்டுவிட்டது. மற்றதன் கதவு நன்றாயிருக்கிறது, மேக்னட்ரான் கெட்டுவிட்டது. இரண்டையும் அப்படியே வைத்தால் இரண்டு காட்சிப்பொருள்கள். ஒன்றைச் சிதைத்து மற்றதற்குக் கொடுத்தால் உயிருள்ள ஓர் அடுப்பு. சேகரிப்போர் பலர் இவ்விடத்தில் கைநடுங்கி நின்றுவிடுகின்றனர். நடுக்கம் இயல்பே. எதைச் சிதைப்பது என்று முடிவு செய்பவன், எது எஞ்ச வேண்டும் என்பதையும் முடிவு செய்கிறான்.

கிரேக்க அறிஞர் புளுட்டார்க் எழுதிய ஒரு செய்தி இங்கு நினைவுக்கு வரும். தீசியசு என்னும் வீரன் ஊர்ந்துவந்த கப்பலை ஏதென்சு நகரத்தார் நெடுங்காலம் காத்தனர். மட்கிய பலகைகளை ஒவ்வொன்றாய் அகற்றிப் புதியன பொருத்தினர். இது அதே கப்பல்தானா, வேறொன்றா என்று மெய்யியலார் வழக்கிட்டனர். மேக்னட்ரானும் மின்மாற்றியும் நேரக் குமிழும் மாற்றப்பட்ட 1967ஆம் ஆண்டு அடுப்பு, 1967ஆம் ஆண்டு அடுப்புதானா? பால் சூடாக்கிக் குடிப்பவருக்கு இவ்வினா தேவையற்றது. ஆனால் அதனை விற்பவருக்குத் தேவையானது. எவ்வெவ் உறுப்பு எந்நாளில் மாற்றப்பட்டது என்பதை வாங்குபவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டால், மெய்யியலார்க்கே விளங்காத சிக்கல் வணிகத்தில் எளிதில் அவிழ்ந்துவிடுகிறது. சொல்லாது மறைத்தால், பெயர்ப்பலகை மட்டும் பழையதாயிருந்தும் அது ஏமாற்றே.

இதுகாறும் கூறியவை பொருளுக்கும் உடையவனுக்கும் இடைப்பட்டவை. இனி, அவ்வீட்டில் வாழும் ஏனையோரைக் கருத வேண்டும். வினாவின் கூர்மை இங்குதான் உள்ளது. நுண்ணலை உணவை நஞ்சாக்குவதில்லை. கதிரியக்கம் ஏற்றுவதும் இல்லை. அது செய்வதெல்லாம் சூடாக்குதலே. எனினும் உணவைச் சூடாக்குவது உடலையும் சூடாக்கும். சிறப்பாக, குருதியோட்டம் குன்றிய கண்வில்லைக்குத் தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் வழி குறைவு. ஆகவே அலை வெளியே கசியாமல் காப்பது கதவின் கடமை. அமெரிக்காவில் 1968இல் கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்வழி 1971 அக்டோபர் முதற்கொண்டு செய்யப்படும் அடுப்புகளுக்கு வரையறை வகுக்கப்பட்டது. அடுப்பின் புறத்தே 5 சென்டிமீட்டர் தொலைவில் கசிவு, அதன் ஆயுள் முழுதும், சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேற்படலாகாது. கதவு திறந்தால் அலை நின்றுவிடுமாறு இரட்டைக் காப்பு விசைகளும் இருத்தல் வேண்டும். சேகரிப்போர் பெரிதும் விரும்பித் தேடுபவையோ, இவ்வரையறை பிறக்குமுன் பிறந்தவை! அவற்றுள் பலவற்றின் கதவுகள் உலோகத்தோடு உலோகம் பொருந்தி நிற்பதையே நம்பியிருந்தன. விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தாலும், கீல் தளர்ந்தாலும் அப்பொருத்தம் குலையும்.

மற்றொரு கேடு உள்ளே உறங்குகிறது. மின்மாற்றியும் மின்தேக்கியும் சேர்ந்து மேக்னட்ரானுக்கு ஏறத்தாழ நாலாயிரம் வோல்ட் அழுத்தத்தைத் தருகின்றன. மின்செருகியைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கி தன்னுள் மின்னூட்டத்தைத் தேக்கிவைத்திருக்கக் கூடும். அறியாது தொட்டவனுக்கு இரண்டாம் முறை தொடும் வாய்ப்புக் கிடைப்பது அரிது. சில பழைய மேக்னட்ரான்களின் பீங்கான் பகுதியில் பெரிலியம் ஆக்சைடு கலந்திருக்கும். அது நொறுங்கித் தூளாகி மூச்சில் கலந்தால் நுரையீரலைக் கெடுக்கும். இவற்றை அறிந்து, உரிய முறையில் மின்னூட்டத்தை நீக்கி, அலைக்கசிவை அளந்து பார்ப்பவர் ஒருவகையினர். அழகாக இருக்கிறதே என்று வாங்கிவந்து அப்படியே மின்செருகியை மாட்டுவோர் மற்றொரு வகையினர். அமெரிக்க அடுப்புகள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஆனவை. 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் மலேசியாவில் ஒருவர் ஆசைப்பட்டு அதனை வரவழைத்து, வோல்ட்டை மட்டும் குறைக்கும் கருவி ஒன்றோடு இணைத்துவிட்டால், உள்ளிருக்கும் மின்மாற்றி அளவுமீறிச் சூடேறும். அன்பு இருக்கிறது, அறிவு இல்லை.

தன் உடலுக்கு வரும் இடரைத் தானே ஏற்கத் துணிபவனைத் தடுப்பதற்கு எவருக்கும் பெரிதாக உரிமை இல்லை எனலாம். மலை ஏறுவோனும் கடலில் மூழ்குவோனும் அவ்வாறே துணிகின்றனர். ஆனால் சமையலறை மலையுச்சி அன்று. பள்ளிவிட்டு வந்த சிறுவன் கண்ணாடிக் கதவில் முகத்தை ஒட்டி, உள்ளே சோளம் பொரிவதை வேடிக்கை பார்க்கிறான். அவன் முகத்துக்கும் கதவுக்கும் இடையே 5 சென்டிமீட்டர்கூட இல்லை. அரை மீட்டர் விலகி நின்றால் கசிவு ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியாது. அவனிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. உடையவனின் பழமைப்பற்றுக்கு அவன் எதற்காக ஈடு கொடுக்க வேண்டும்? கதவை அளந்து பார்க்காத அடுப்பைக் குடும்பத்தின் நடுவே இயக்குபவர், எத்துணைப் பெரிய பழமைக் காவலராயினும், அறவழி நிற்பவர் ஆகார்.

இன்னொரு பெருமையும் சிலரால் பேசப்படுகிறது: பழையதைப் பயன்கொள்வதால் உலகத்தின் குப்பை குறைகிறது என்பது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 62 மில்லியன் டன் மின்கழிவு குவிந்தது. அதில் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவானதே முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவு உள்ளது. அமெரிக்கர் கழித்த மின்பொருள்கள் கொள்கலன்களில் கிள்ளான் துறைமுகம்வரை வந்து சேரும் காலம் இது. இம்மலையின் முன் ஒருவர் காத்த ஓர் அடுப்பு ஓர் அணுவுக்கும் ஈடாகாது. உலகைக் காக்கிறேன் என்பது மிகைக் கூற்று. ஒரு பொருளின்பால் தம் கடமையைச் செய்கிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். அமெரிக்கா கட்டிய அணுசக்திக் கப்பலான சவன்னாவின் சமையலறையில் தொடக்கக்கால நுண்ணலை அடுப்பு ஒன்று இன்னும் நிற்கிறது. அதில் எவரும் சமைப்பதில்லை. அதனால் எவர்க்கும் தீங்கும் இல்லை. அத்தகைய அரும்பொருளுக்கு அதுவே தக்க இடம். வீட்டு அடுப்புக்கு அவ்வமைதி வாய்ப்பதில்லை. இயக்குவதா நிறுத்துவதா என்று அதன் உடையவர் ஒருநாள் முடிவு செய்தே ஆகவேண்டும்.

அவ்வாறான ஒருநாளை எண்ணிப் பார்க்கலாம். பல்லாண்டு உழைத்த அடுப்பு ஒன்று. விளக்கு எரிகிறது, மணி ஒலிக்கிறது, நீர் சூடாகிறது. கதவின் கீழ்விளிம்பு மட்டும் சற்று வளைந்துவிட்டது. அளக்கும் கருவியின் முள் 5ஐத் தாண்டி நிற்கிறது. மாற்றுக் கதவு எங்கும் கிடைக்கவில்லை. வார இறுதிச் சந்தையில் அதனை வைத்தால் ஒரு மணி நேரத்தில் விலைபோகும். வளைவு வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாது. உடையவர் அதனைச் சந்தைக்குக் கொண்டுசெல்லவில்லை. செருகியைப் பிடுங்கி, மின்தேக்கியின் மின்னூட்டத்தை நீக்கி, மேக்னட்ரானைப் பீங்கான் சிதையாமல் கழற்றி எடுக்கிறார். மின்கம்பியை அடுப்பின் உடலையொட்டி வெட்டிவிடுகிறார். ஒரு தாளில் நாளையும் காரணத்தையும் எழுதி, மேலுறையின் உட்புறம், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எவரோ ஒட்டிய மின்னிணைப்பு வரைபடத்தின் பக்கத்தில் ஒட்டுகிறார். மறுநாள் காலை அந்த மேக்னட்ரான், கதவு நல்ல வேறோர் அடுப்பில், ஒரு லிட்டர் நீரைச் சூடாக்குகிறது. அவர் வெப்பமானியை நீரில் இட்டுப் பார்க்கிறார்: ஒன்பது பாகை.